கண்ணாடிக்காரரின் சின்ன மகள்

எங்கள் தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் மனைவியே ஒரு நொடி யோசிப்பாள். என் ஜெராக்ஸ் கடைக்கும் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான் சுவர். அந்தப் பக்கம் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் ஓடினால் இந்தப் பக்கம் என் மேசையில் பேனாக்கள் நடுங்கும். அவர் தும்மினால் நான் இங்கிருந்தே நலம் விசாரிப்பேன். என்னை அக்கா என்பார். நான் அவரைத் தம்பி என்பேன். அவர் பிள்ளைகளுக்கு நான் ஜெராக்ஸ் அத்தை.

கோணலாக உட்கார்ந்திருக்கும் கண்ணாடியைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஆளிடம் போய், "ஒரு நிமிஷம் குடுங்க சார்" என்று கேட்டு வாங்கி, காதில் மாட்டுகிற காம்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, லேசாக வளைத்து, அந்த ஆள் முகத்தில் தானே மாட்டிவிடுவார். ஊரார் மூக்கில் மூக்கை நுழைப்பதே இவர் பிழைப்பு என்று நான் கேலி செய்வேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "உலகத்துல பாதிச் சண்டை சரியா தெரியாததால வருது அக்கா. சரியான பவரைக் குடுத்துட்டாப் போதும், பேசாம இருப்பாங்க" என்பார். அதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சின்ன வயதில் லென்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்ததிலிருந்து அவர் கண்ட வாழ்க்கை அப்படித்தான் இருந்தது. மங்கலோடு வந்தவர்கள் அவர் கையால் தெளிவோடு திரும்பிப் போனார்கள்.

கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. மனைவி பார்சல் ஆபீசில் மூட்டைகளை ஊர் வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்தாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் இரண்டாவது தடவை சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது. அவர்களுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன, ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு. பெரியவள் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்னவளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெகுநாள் வைத்திருந்தார்கள். "பாருங்க அக்கா, இவ பிறந்ததும் நேரா அப்பன் தொழிலுக்கே வந்துட்டா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி அலமாரியைத் துடைத்தார்.

பெரியவள் தவழ ஆரம்பித்த பிறகு நிற்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் புகுந்து அலமாரிக்குப் பின்னால் வெளியே வருவாள். அதனால் அவளுக்கு ரயில் என்று பெயர். சின்னவளைத் தலையணைகளுக்கு நடுவே உட்கார வைத்தால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, வழக்கைக் கேட்பது போல அசையாமல் இருப்பாள். அவள் ஜட்ஜம்மா ஆனாள். அந்த அசையாமையில் ஏதோ இருக்கிறது என்று தாய்தான் முதலில் கண்டுகொண்டாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, பிறக்கிற சமயத்திலேயே மூளையில் அடிபட்டிருக்கிறது, பெருமூளை வாதம், கைகால்களுக்குப் போகிற உத்தரவு சரியாகப் போய்ச் சேரவில்லை என்றார். இரண்டு கால்களும் வலது கையும் இறுகியிருந்தன.

இந்த விஷயத்தில் கண்ணாடிக்காரரைக் குறை சொல்ல முடியாது. காலையில் கடை திறப்பதற்கு முன் மகளின் கால்களை நீவி, மடக்கி, நீட்டி, பயிற்சியாளர் சொன்னபடி கண்ணும் கருத்துமாகச் செய்தார். பிறகு பட்டை கட்டிய காலணி வந்தது, பிடித்துக்கொண்டு நடக்கச் சக்கரம் வைத்த வாக்கர் வந்தது. கால் விஷயம் அவர் தொழில் அல்ல. தெரிந்தவர்கள் சொன்னதை அப்படியே கேட்டார்.

கண் விஷயத்தில்தான் அவரால் யார் சொல்வதையும் கேட்க முடியவில்லை.

பள்ளியில் சேர்த்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் தட்டு, டம்ளர், பாத்திரம், பத்திரிகை எல்லாம் இருந்தால் ஜட்ஜம்மாவுக்குத் தன் ஸ்பூன் தெரியாது. கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். எடுத்துத் தனியாகக் காட்டினால், "இதான்" என்று உடனே வாங்கிக்கொள்வாள். படப் புத்தகத்தைத் திறந்து வைத்து, "என்ன இருக்கு?" என்றால், "பச்சை" என்பாள். பக்கத்தில் ரயில், "குரங்கு, மரம், குரங்குக் குட்டி, ஒரு ஆளு, ஆளோட தொப்பி" என்று மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டிருப்பாள். ஒரு பொருளை எடுக்கக் கையை நீட்டும்போது ஜட்ஜம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். வகுப்பு டீச்சர், "பலகையப் பாக்கவே மாட்டேங்குறா. கவனம் பத்தல" என்றார்.

"கவனம் இல்லாமலாம் இல்ல. பவர் இருக்கு, அதான்" என்றார் கண்ணாடிக்காரர்.

கண் டாக்டர் பார்த்தார். லேசான மாறுகண், கொஞ்சம் பவர், அவ்வளவுதான். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டியபோது மிகச் சின்ன எழுத்தைக்கூட அவள் சொன்னாள். "கண்ணு நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க" என்று அனுப்பினார். அந்தப் பவருக்குக் கண்ணாடிக்காரர் ஊதா நிறச் சட்டத்தில் ஒரு கண்ணாடி செய்தார். ஸ்பூன் அப்படியும் கிடைக்கவில்லை. இன்னொரு டாக்டர், இன்னொரு கண்ணாடி. கூசாத பூச்சுப் பூசியது, லேசாகச் சாயம் ஏற்றியது என்று அந்தப் பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் மகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து மாட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் அவள், "நல்லா இருக்குப்பா" என்பாள்.

அப்படிப் புதிதாக ஒன்று போட்டிருந்த நாளில்தான் அது நடந்தது. பள்ளி விடும் நேரம். மழை வருகிற மாதிரி இருந்ததால் பெற்றோர்கள் எல்லோரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ரயில் அவரைக் கண்டதும் ஓடிவந்து பையை அவர் தோளில் மாட்டிவிட்டாள். ஜட்ஜம்மா வாக்கரோடு பள்ளி ஆயாவின் பக்கத்தில் நின்றாள். இவர் கையை ஆட்டினார். அவள் நேராக இவரையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே உதட்டைப் பிதுக்கி, "எங்கப்பா வரல" என்று அழ ஆரம்பித்தாள்.

"நான் இங்கதாண்டா இருக்கேன்" என்று இவர் குரல் கொடுத்த பிறகுதான் அவள் முகம் மாறியது.

அன்று அவர் கடையை மறுபடி திறந்தார், ஆனால் வேலை செய்யவில்லை. என்னிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, "என் முகத்த நேரா பாத்தா அக்கா. என்னைப் பாக்கல" என்றார்.

கால் பயிற்சி தருகிற மையத்தில், பிள்ளைகள் எதை எப்படிப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள் என்று சோதிக்கிற ஒரு பெண் இருந்தாள். அவளிடம் காட்டச் சொல்லி அங்கே பலமுறை சொல்லியிருந்தார்கள். இவர்தான் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். இப்போது மனைவி, "வர்ற வாரம் போறோம்" என்றாள். அந்த நாளில் அவளுக்கு லீவு கிடைக்காமல் போனதால் என்னைத் துணைக்கு அனுப்பினாள். இரட்டையர் இருவரையுமே கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். ஒரே வயது, ஒரே வீடு, ஒருத்திக்கு வாதம் உண்டு, ஒருத்திக்கு இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையப் புரியும் என்றார்கள்.

அந்தப் பெண்ணுக்கு ரயில் வைத்த பெயர் படம் டீச்சர். அவளுடைய அறையில் சுவரில் ஒன்றும் இல்லை. கறுப்புத் துணி விரித்த மேசை, அதன்மேல் ஒரு சமயத்தில் ஒரே அட்டை. "கையால காட்ட வேண்டாம்டா. வாயால சொன்னாலும் சரி, கண்ணால பாத்தாலும் சரி" என்று ஜட்ஜம்மாவிடம் சொன்னாள். கை வராததால் விடை தவறிப்போகக் கூடாது என்பதற்காக அப்படி என்று எங்களுக்கு விளக்கினாள்.

முதல் அட்டையில் மீன், சாவி, கோப்பை மூன்றையும் வெறும் கோடுகளால் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்திருந்தார்கள். அட்டை மேசையைத் தொடுவதற்குள் ரயில், "மீனு, சாவி, கப்பு" என்றாள். ஜட்ஜம்மாவின் முறை வந்தபோது அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கோடு" என்றாள். பிறகு, "நிறைய கோடு."

அடுத்த அட்டையில், கோட்டை அங்கங்கே விட்டுவிட்டு வரைந்த ஒரு குடை. ரயிலுக்கு அது குடை. ஜட்ஜம்மாவுக்கு ஒரு கம்பி, ஒரு வளைவு, இன்னொரு வளைவு. கண்ணாடிக்காரர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். ஆனால் ஓர் உருவத்தைத் தனியாகக் காட்டி, மறைத்து, பிறகு நாலைந்துக்கு நடுவே அதைக் கேட்டபோது ஜட்ஜம்மா நிதானமாக, சரியாகச் சொன்னாள். அடுத்ததையும் சொன்னாள். அந்தச் சோதனையில் அவள்தான் அக்காவை முந்தினாள். அக்கா அதற்குள் மேசைக்கு அடியில் இருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு படம் டீச்சர் எங்களிடம் பேசினாள்.

"கண்ணு அதோட வேலைய ஒழுங்கா செய்யுது சார். அது கொண்டு வர்றதப் பிரிச்சு அடுக்குறது மூளையோட வேலை. எது முன்னாடி இருக்கு, எது பின்னாடி இருக்கு, கப்பு எங்க முடியுது, துணி எங்க ஆரம்பிக்குது. பிறந்ததுமே இது யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்கா கத்துக்குறோம்."

"பெரியவளுக்கு யாரும் கத்துக் குடுக்கலையே" என்றார் இவர்.

"அவளே போய்க் கத்துக்கிட்டா. ஒரு டம்ளரப் பாத்தா தவழ்ந்து போயிருப்பா, உருட்டியிருப்பா, கடிச்சிருப்பா, கவுத்து உள்ள எட்டிப் பாத்திருப்பா. இப்ப அவளுக்கு டம்ளர் எந்தப் பக்கத்துல இருந்தாலும் டம்ளர்தான். சின்னவளுக்கு ரெண்டு தடை. குறைமாசத்துல அடிபட்ட இடம் காலுக்குப் போற பாதைய மட்டும் தொடல, பார்வைக்குப் போற பாதையையும் தொட்டிருக்கு. அது ஒண்ணு. இன்னொண்ணு, அவளால எதுகிட்டயும் போக முடியல. உலகம் அவகிட்ட வந்தாத்தான் உண்டு."

"வாதம் இருக்குற எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தானா?" என்று நான் கேட்டேன்.

"இல்லம்மா. சில பிள்ளைங்க இந்த அட்டையெல்லாம் ஊதித் தள்ளிடும். அதனாலதான் ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பாக்கணும்."

கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "சரிம்மா, நம்பர் எவ்வளவு?" என்றார்.

"எந்த நம்பர் சார்?"

"பவர்."

"இதுக்குப் பவர் கிடையாது சார்."

பஸ்ஸில் திரும்பினோம். கடைக்கு வந்ததும் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நம்பர் இல்லாத கோளாறுன்னு ஒண்ணு உண்டா அக்கா?"

"என் வீட்டுக்காரருக்கு இருந்த கோளாறு எதுக்கும் நம்பரே கிடையாது தம்பி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

அவர் விடவில்லை. கிடைப்பதிலேயே உயர்ந்த லென்ஸை வரவழைத்தார். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தேய்த்தார். மறுநாள் பள்ளி விட்டு வந்த ஜட்ஜம்மாவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தூக்கி உட்கார வைத்து மாட்டினார். நான் இந்தப் பக்கம் ஒரு கட்டுத் தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"எப்படி இருக்கு ஜட்ஜம்மா?"

"நல்லா இருக்குப்பா."

"எப்பவும் இதையேதான் சொல்ற. நெஜமா எப்படி இருக்கு, சொல்லு. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."



"முன்னாடி மங்கலா நிறைய இருந்துச்சு" என்றாள் அவள். "இப்ப பளிச்சுனு நிறைய இருக்கு."

"அப்ப எதுக்கு இவ்வளவு நாளா நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்ன?"

"நீ செஞ்சது. அதான்."

தாளை வைத்துவிட்டுத் தடுப்பின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். அந்த ஸ்டூலில் அவரை நான் பார்த்ததே இல்லை. அவர் தன் கடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை சட்டங்கள். மூன்றாவது சுவரில் அவற்றை இரட்டிப்பாகக் காட்டுகிற நிலைக்கண்ணாடி. சிரிக்கிற முகங்களோடு விளம்பரப் படங்கள், அவற்றின்மேல் மினுக்குகிற விளக்கு. இத்தனைக்கும் நடுவே மகளை உட்கார வைத்துத்தான் இவ்வளவு நாளாக, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டிருக்கிறார்.

"அக்கா, பெரிய தாள் இருக்கா? ஒண்ணும் அச்சடிக்காத வெறுந்தாள்."

என்னிடம் இருந்த சார்ட் தாள் சுருளைக் கொடுத்தேன். கல்லாவுக்குப் பின்னாலிருந்த சுவரை மேலிருந்து கீழ்வரை மூடி ஒட்டினார். அந்த மினுக்குகிற விளக்கை அணைத்தார். ஒரு சிவப்புச் சட்டத்தை மட்டும் அந்த வெள்ளைக்கு முன்னால் பிடித்தார்.

"கண்ணாடி" என்றாள் ஜட்ஜம்மா, அவர் கேட்பதற்கு முன்பே. "சிவப்பு."

மறுநாளே படம் டீச்சரிடம் போனார். இந்த முறை நம்பர் கேட்கவில்லை. என்ன செய்யணும் என்று கேட்டார். வீட்டில் பூப்போட்ட படுக்கை விரிப்புகள் போய் ஒரே நிறத்தில் வந்தன. மேசையில் கறுப்பு விரிப்பு, வெள்ளைத் தட்டு, பக்கத்தில் வேறொன்றும் இல்லை. பொம்மைகளைப் பெட்டியில் கட்டி மேலே ஏற்றி, ஒரு சமயத்தில் ஒன்று என்று கொடுத்தார்கள். பள்ளிப் பாடங்களை என்னிடம் கொண்டுவருவார். நான் பெரிதாக்கி, இடம் விட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரே படம் என்று எடுத்துத் தருவேன். இதை எடு, அதை நீக்கு என்று என் உயிரை வாங்குவார்.

எல்லாவற்றுக்கும் மேல், தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற ஒரு மஞ்சள் சட்டை வாங்கினார். பள்ளி விடும் நேரத்துக்கு மட்டும் அதைப் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விட்டு விலகி, எதிர்ப்புறம் இருந்த சாம்பல் நிறச் சுவருக்கு முன்னால் தனியாகப் போய் நிற்பார். பெயின்ட் டப்பா கிளம்பிடுச்சு என்று தெருவே சிரித்தது. முதல் நாள் ஆயா அவளை வாசலுக்குக் கொண்டுவந்தாள். அவள் பார்வை கூட்டத்தின்மேல் அலைந்து, அதைக் கடந்து, சுவரில் போய் நின்றது. யாரும் கூப்பிடவில்லை. வாக்கரைத் திருப்பிக்கொண்டு நேராக நடந்தாள். அன்று அவர் இரண்டு பிள்ளைகளையும் என் கடைக்குள் கூட்டிவந்து, "கேளுங்க, நான் எங்க நின்னேன்னு இவகிட்ட கேளுங்க" என்று என்னைக் கேட்க வைத்தார்.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்ததாகப் பெரியவர்கள் நினைத்தோம். ரயிலை யாரும் கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் இருவரும் கடையில் இருந்தார்கள். கண்ணாடிக்காரர் வாடிக்கையாளர் ஒருவருக்குக் காம்பு மாற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று தடதடவென்று சத்தம். ரயில் பழைய சட்டங்கள் இருந்த பெட்டியைத் தங்கையின் மேசைமேல் கவிழ்த்திருந்தாள். அதன்மேல் துடைக்கிற துணிகள், சாவிக்கொத்து, தண்ணீர் பாட்டில், தன் பென்சில் பெட்டியில் இருந்ததெல்லாம்.

"என் பொம்மையெல்லாம் மேல கட்டி வச்சிட்டீங்க. என் பூப் போர்வையயும் எடுத்துட்டீங்க. இப்ப இவ தேடட்டும்" என்றாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

ஜட்ஜம்மா அந்தக் குவியலைப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடிக்காரர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் சின்னவளின் இடது கை குவியலுக்குள் போயிருந்தது. முகம் இன்னும் தடுப்பைப் பார்த்தபடி இருக்க, கை மட்டும் தடவித் தடவி நகர்ந்தது. ஏதோ ஒன்றைப் பிடித்து இழுத்தது. குவியலுக்கு வெளியே, தன் மடிக்குக் கொண்டு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

"என்னோட பழைய ஊதாக் கண்ணாடி."

ரயில் மூக்கை உறிஞ்சினாள். "சரி. இப்ப சாவிய எடு பாக்கலாம்."

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையைச் சொறிந்துகொண்டார். வாடிக்கையாளர் ஒற்றைக் காம்புக் கண்ணாடியோடு சாவி கிடைக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

படம் டீச்சரிடம் சொன்னபோது அவள், "கை முதல்ல போகட்டும். கண்ணு பின்னாலயே வரும். ஆனா குவியல் இவ்வளவு பெருசா வேண்டாம், நாலு பொருள்ல ஆரம்பிங்க" என்றாள். அதோடு, "பெரியவளோட பொம்மையயும் போர்வையயும் அவகிட்ட குடுத்துடுங்க. அவளும் குழந்தைதான்" என்றாள். அன்றைக்கே கொடுத்தார்கள். குவியலில் தேடுவது அதன்பிறகு அந்தச் சகோதரிகளின் விளையாட்டானது. கஷ்டத்தை எப்போது கூட்டுவது என்பதை ரயிலே முடிவு செய்தாள். அதில் அவளுக்கு இரக்கம் கொஞ்சம் குறைவுதான்.

ஆனால் கண்ணாடிக்காரருக்குக் கவலை இடம் மாறிக்கொண்டிருந்தது. ரயில் எழுதும்போது சில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எழுதுவதைக் கண்டதும் முகம் சுண்டிப்போய் என்னிடம் ஓடிவந்தார். "இவளுக்கும் வந்துடுச்சு அக்கா." அவளை இழுத்துக்கொண்டு மையத்துக்குப் போனார். படம் டீச்சர் சிரித்துவிட்டாள். "இந்த வயசுல எல்லாப் பிள்ளையும் கொஞ்ச நாள் இப்படித்தான் எழுதும் சார். டம்ளரத் திருப்பினாலும் டம்ளர்தான்னு கத்துக்கிட்டா இல்ல, எழுத்த மட்டும் திருப்பக் கூடாதுன்னு இனிமேதான் கத்துக்கணும்." அவர் திரும்பி வரும்போது ரயிலுக்கு ஒரு பலூன் வாங்கிக் கொடுத்திருந்தார், அவள் கேட்காமலே.

சில வருஷம் கழித்து மறுபடியும் சோதனை வைத்தார்கள். அன்று காலை சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டு, தானே பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி கிளம்பினார். திரும்பி வந்ததும் நேராக என் கடைக்குள் வந்து, தாள் கட்டுகளின்மேல் உட்கார்ந்தார். ஒரே மாதிரி உருவத்தைக் கண்டுபிடிப்பதிலும், பார்த்ததை நினைவு வைப்பதிலும் ஜட்ஜம்மா நன்றாக வளர்ந்திருந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த படங்களில் மட்டும் முன்னேற்றம் ரொம்பக் கொஞ்சம்.

"வளந்திருக்கா, ஆனா பெரியவளும் சும்மா நிக்கலையே, அவளும் வளந்துட்டா, அதனால இடைவெளி அப்படியே இருக்குற மாதிரி தெரியுதுன்னு டீச்சர் சொல்லுது" என்றார். "நான் இவ்வளவு செஞ்சேனே அக்கா."

இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

குடித்துவிட்டு அவரே சொன்னார். "வர்ற வழியில அவ கேட்டா, போன தடவைய விட நான் நல்லா செஞ்சேனான்னு. ஆமான்னேன். அப்ப சரின்னுட்டு ஜன்னலப் பாக்க ஆரம்பிச்சுட்டா."

"அப்ப சரிதான் தம்பி" என்றேன் நானும்.

அவர் உடனே தேறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அந்த மாதம் முழுக்கச் சிடுசிடுவென்று இருந்தார். ஆனால் வேலை செய்யும் விதம் மாறியது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு யார் வந்தாலும், வெறுந்தாள் ஒட்டிய பக்கமாகத் திருப்பி உட்கார வைத்துப் பேசுவார். "தனியா இருந்தா தெரியுதா, கூட்டத்துல இருந்தா தெரியலையா?" என்று தாய்மார்களிடம் கேட்பார். சிலரைக் கண்ணாடி போடாமலே டாக்டரிடம் திருப்பி அனுப்புவார், இதைச் சொல்லிப் பாருங்கள் என்று. படம் டீச்சரின் மையத்துக்கு வழி கேட்டால் வாசல் வரை வந்து கைகாட்டுவார்.

இப்போது இரட்டையருக்குப் பன்னிரண்டு வயது நடக்கிறது. ஜட்ஜம்மா ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிய அட்டையைப் புத்தகத்தின்மேல் நகர்த்தி நகர்த்திப் படிக்கிறாள். மெதுவாகத்தான் படிப்பாள். படித்ததை மறக்க மாட்டாள். சந்தை மாதிரியான இடங்களில் அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அவளை ஒருபோதும் அக்கா என்று கூப்பிட மாட்டாள். சில நிமிஷம் முன்னால் பிறந்ததற்கெல்லாம் மரியாதை தர முடியாது என்பது அவளுடைய தீர்ப்பு.

போன மாதம் அவர்கள் வீடு மாறினார்கள். பிள்ளைகளின் அறைக்குத் திரைத்துணி எடுக்க நானும் கூடப் போனேன். துணிக்கடை என்றால் கேட்க வேண்டுமா? சுருள் சுருளாகக் கூரை வரை நிறம். வாசலிலேயே ஜட்ஜம்மா வாக்கரை நிறுத்திவிட்டாள். கடைக்காரப் பையன் வழக்கம்போலப் பத்து துணிகளை அவள் முன்னால் விரித்துப் போட்டான். கண்ணாடிக்காரர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அண்ணா, எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்றாள் ஜட்ஜம்மா. "ஒண்ணு காட்டுங்க. அத மடிச்சு உள்ள வச்சிட்டு அடுத்தது காட்டுங்க. எனக்குக் கூட்டமா இருந்தா தெரியாது."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு அப்படியே செய்தான். அவள் தலையைச் சாய்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நீலம் வந்ததும், "இது" என்றாள்.

அதற்குள் உள்ளேயிருந்து ரயில், பெரிய பெரிய பூக்கள் போட்ட ஒரு சுருளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாள்.

"நீலம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. இதான் வேணும்."

"அது போட்டா ஜன்னல் எங்கன்னே எனக்குத் தெரியாது."

"ஜன்னல் எங்கயும் போகாது. அங்கேயேதான் இருக்கும்."

"எந்தத் துணி நல்லா இருக்குன்னு நான் சொல்லட்டுமா?" என்று கண்ணாடிக்காரர் நடுவே வந்தார்.

"வேண்டாம்ப்பா" என்றார்கள் இருவரும், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவர் வெளியே வந்து, வாசல் படியில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரெண்டு பேருக்குமே என்னைய வேண்டாமாம் அக்கா" என்றார். ஆனால் அவர் முகத்தில் வருத்தம் எதையும் நான் காணவில்லை. உள்ளே மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரப் பையன் இரண்டு துணிகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, யார் ஜெயிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கு இப்போதைக்கு முடிகிற மாதிரி தெரியவில்லை. நாங்கள் இருவரும் டீ குடிக்கப் போனோம்.